வீரபுத்திரன் பல்லும் கொஸ்லந்த சம்பந்தமும்

அந்தச் சின்ன மிசினை நான் வாங்கியது அது செய்யும் வேலைக்காக அல்ல, அது போடும் சத்தத்துக்காக. பதுளை டவுனில் ஒரு சாமான் கடையில் குழாய்க்கு வாசர் வாங்க நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ஆள் அதைக் கையில் எடுத்து ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் அவரிடம் என்னவோ கேட்டார். ஆள் தன் காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினார். கடைக்காரர் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். பேசாமல் இருப்பதற்கு இப்படி ஒரு மரியாதையான வழி இருப்பது எனக்கு அன்றுவரை தெரியாது. வாசரை மறந்துவிட்டு மிசினோடு வீட்டுக்கு வந்தேன்.

கொழுத்த மெழுகுவர்த்தி அளவுதான் இருக்கும். ஒரு கையால் பிடிக்கலாம். நுனியில் சிறிய வாய் ஒன்று உண்டு. அந்த வாயில் சின்னக் கல்லை மாட்டினால் அராவும், தட்டை மாட்டினால் வெட்டும், ஊசி போன்ற பிட்டை மாட்டினால் துளைக்கும். எதை மாட்டினாலும் சத்தம் மட்டும் ஒன்றுதான்.

எனக்கு ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெக்டரியில் வேலை. கொழுந்து அரைக்கும் பகுதி. அங்கே ரோலர்கள் ஓடும் சத்தத்தில் யாரும் யாருடனும் பேச முடியாது. அதனால் வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்தால்தான் கஷ்டம். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் பக்கத்து வீட்டார். வாசலில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் எல்லோரும் நின்று நாலு வார்த்தை கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டும். மிசின் வந்த பிறகு வாசலை ஒட்டிய இஸ்தோப்புத் திண்ணையில் ஒரு மூலையில் பலகை போட்டு உட்கார்ந்துகொண்டேன். யாராவது வாசலுக்கு வந்தால் பட்டனைத் தட்டிவிடுவேன். காதைத் தொட்டுக் காட்டுவேன்.

சும்மா ஓடவிட முடியாது அல்லவா, அதனால் ஏதாவது செய்யவேண்டி வந்தது. சிரட்டையில் அகப்பை செய்தேன். அழகாக இருக்கட்டும் என்று அதில் பூப்போட்டேன். பூ ஆழமாக விழுந்து மறுபக்கம் வந்துவிட்டது.

"இதுல குழம்பு ஊத்துனா பாதி தரையில, பாதி என் கால்ல" என்றாள் மனைவி. "பூ மட்டும் நல்லாருக்கு."

லயத்தில் அதற்குப் பல்லு மிசின் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பதுளையில் பல் பிடுங்கப் போகாதவர்கள் எங்கள் லயத்தில் யாரும் இல்லை. அங்கே உள்ளே ஒருவருக்குத் துளைக்கும்போது வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து கேட்ட அதே சத்தம். நான் பட்டனைத் தட்டினால் பக்கத்து வீட்டுக்காரி கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொள்வாள். அவளுக்கு அந்தப் பக்கம் பல்லே கிடையாது.

இனி என் மச்சான் கதை. என் மனைவிக்கு அண்ணன். எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறார். அவர் மனைவி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். மச்சானும் ஒரே மகளும்தான் வீட்டில். மகள் பதுளையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். மச்சானுக்கு மேல்வரிசைப் பல் முழுவதும் கட்டியதுதான். கழற்றினால் அவர் பேசுவது வெறும் காற்று. மாட்டினால் தோட்டமே கேட்கும். மாசி மாதம், மன்மதனைச் சிவன் எரித்த கதையைக் காமன் கூத்தாக ஆடும்போது வீரபுத்திரன் வேஷம் எப்போதும் அவருக்குத்தான்.

வீரபுத்திரன் என்றால் சிவனுடைய கோபம் ஆள் உருவில் வருவது. சிவப்புச் சாயம், சடைமுடி, வெளியே நீண்ட கோரைப்பல். அந்தக் கோரைப்பல்லை இவ்வளவு காலமும் மச்சான் அட்டையில் வெட்டிப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு ஆடினார். வியர்வையில் அட்டை நனைந்து தொங்கும். இந்தத் தடவை என் மிசினைப் பார்த்ததும் அவருக்கு வேறு யோசனை வந்துவிட்டது.

ஒருநாள் காலையில் நான் வேலைக்குப் போகும்போது வழியில் மறித்தார். புதிதாகக் கட்டிய பல் செட்டை அன்றுதான் மாட்டியிருந்தார். வாய் நிறைய வெள்ளையாக இருந்தது.

"மாப்ள, இன்னையிலேருந்து நமக்குப் புதுசுதான். பழச வச்சு என்ன செய்ய? அதுல ரெண்டு கோரைப்பல்லு வச்சுக் குடுங்க. அசையவே கூடாது. வேலை முடிஞ்சு வரும்போது மக கிட்ட கேளுங்க. போடாத செட்டுன்னு சொன்னா எடுத்துத் தருவா."

நான் தலையாட்டினேன். சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் நின்று மகளிடம் அதே சொல்லைச் சொன்னேன்.

"அப்பா போடாத செட்டா மாமா? இந்தாங்க" என்று ஒரு கோப்பையோடு கொண்டுவந்து கொடுத்தாள்.

அதில் ஒரு தப்பும் இல்லை. காலையில் மச்சான் புதுசைத்தான் மாட்டியிருந்தார். மத்தியானத்துக்குள் அது ஈறைக் கடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து அதைக் கழற்றிக் கோப்பையில் போட்டுவிட்டு, பழசை மாட்டிக்கொண்டு கூத்து ஒத்திகைக்குப் போய்விட்டார். ஆகவே நான் கேட்ட நேரத்தில் அவர் போடாத செட்டு புதுசு. பிள்ளை கேட்டதைக் கொடுத்தாள். நான் கொடுத்ததை வாங்கினேன். மச்சான் பல்லை இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறாரே என்று வழியில் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.

அந்த மிசினில் நான் செய்த நல்ல வேலை அதுதான். வெள்ளைக் குழாய்த் துண்டைச் சூடுகாட்டி வளைத்து, அராவி, கூராக்கினேன். செட்டில் இரண்டு பக்கமும் கடைவாய்க்கு முன்னால் உள்ள பல்லை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் துளைபோட்டு, இரண்டு டியூப்பைக் கலந்து பூசும் பசையால் ஒட்டினேன். மறுநாள் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பலகையில் வைத்தபோது அது என்னைப் பார்த்துச் சிரித்தது. மனைவி அதை ஒரு துணியால் மூடிவிட்டாள்.

மச்சான் வந்து துணியைத் தூக்கினார். ஆகா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. உள்ளே பழைய செட்டு தெரிந்தது.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்."

"இது புதுசு."

நான் பட்டனைத் தட்டினேன். அவர் பிளக்கைக் கழற்றினார்.

ஆனால் மச்சான் நீண்ட நேரம் கோபப்படும் ஆள் இல்லை. கொஞ்ச நேரம் அந்தப் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலை அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. "சரி, எப்படியும் அது ஈறக் கடிக்குது. பழசு இருக்குல்ல, ஞாயித்துக்கிழமைக்குப் பழசு போதும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கொஸ்லந்தயிலிருந்து அவர் மகளைப் பேசி முடிக்க வருகிறார்கள். மாப்பிள்ளைப் பையன் பதுளைக்கும் கொஸ்லந்தவுக்கும் ஓடும் பஸ்ஸில் கொண்டக்டர். பையனும் பெண்ணும் ஏற்கெனவே பஸ்ஸில் பார்த்துப் பேசி விரும்பியவர்கள்தான். ஒரே ஒரு விஷயம் பாக்கி. கல்யாணத்துக்குப் பிறகும் பெண் மருந்துக்கடை வேலையை விடமாட்டாள். பையனுக்குச் சம்மதம். ஆனால், "நீ சொன்னா நான் சொல்லிக்குடுத்த மாதிரி ஆயிரும். எங்க வீட்டு ஆளுங்க முன்னாடி உங்க வீட்டுப் பெரியவங்க வாயால வரணும்" என்று சொல்லியிருந்தான். பெரியவர் என்றால் மச்சான். தாய்க்குக் குவைத்தில் வேலை நேரத்தில் போனைத் தொட விடமாட்டார்கள்.

சனிக்கிழமை மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, அப்பாவுக்கு அந்தப் பழைய செட்டு லேசா வெடிச்சிருக்கு. நாளைக்கு ஏதும் ஆச்சுன்னா நீங்கதான் சொல்லணும்."

"நானா?"

"ஒரே ஒரு வசனம்தான் மாமா. பிள்ளை வேலைய விடமாட்டா. அவ்வளவுதான். சொல்லாம விட்டுட்டா, அப்புறம் நான் அங்க போய் எந்த வாயோட கேக்கிறது?"

மனைவி அடுப்படியிலிருந்து சொன்னாள்: "இவரா? இவரு என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப மூணு கிளாஸ் தண்ணி குடிச்சிட்டுப் போனாரு. ஒத்த வார்த்த பேசல."

அது உண்மைதான். நான்காவது கிளாஸ் கேட்கவும் வெட்கமாக இருந்தது.

அன்று சாமியிடம் நான் வேண்டிக்கொண்டது மச்சானின் பழைய செட்டுக்காக.

ஞாயிற்றுக்கிழமை சமையலும் சம்பந்தப் பேச்சும் எங்கள் வீட்டில்தான். வேஷம் கட்டுகிறவர்கள் விரதம் என்பதால் மரக்கறியும் பாயாசமும். வருகிறவர்களுக்கு வைக்க என் மனைவி முறுக்குச் சுட்டிருந்தாள். மச்சான் வேட்டி கட்டி, திருநீறு பூசி, ருசி பார்க்கிறேன் என்று ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். இரண்டு சத்தம் கேட்டது. ஒன்று முறுக்கு. கையில் துப்பினார். செட்டு நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது.

மகள் என்னைப் பார்த்தாள். நான் மிசினைப் பார்த்தேன்.

பிளந்ததை ஒட்டினால் பசை காய ஒரு நாள் வேண்டும். மிச்சம் இருந்தது வீரபுத்திரன் செட்டு. கோரைப்பல் இரண்டையும் அராவி எடுத்துவிட்டால் இரண்டு ஓட்டை இருக்கும், பேச்சு வந்துவிடும். நான் இஸ்தோப்பு மூலையில் உட்கார்ந்து கல்லை மாட்டி ஓடவிட்டேன். முன்பு அசையக்கூடாது என்று ஒட்டிய பசை இப்போதும் அசையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேய்ந்தது. ஒரு பக்கம் முடிந்தது. அதற்குள் படியில் ஆட்கள் ஏறிவிட்டார்கள். வேன் கிடைத்ததாம், வெள்ளனவே வந்துவிட்டார்கள்.

முன்னால் வந்தவர் பையனின் தகப்பன், பின்னால் தாய். பையனுக்கு அன்று பஸ்ஸில் வேலை, வரவில்லை. தகப்பன் சத்தத்தைக் கேட்டு வாசலிலேயே நின்றார். என் கையிலிருந்த மிசினைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட! வீட்டுலயே பல்லு டொக்டரா? பய சொல்லவே இல்லையே!"

நான் டொக்டர் இல்லைங்க. மூன்று சொல். மூன்றும் தொண்டைவரை வந்தன.

"பண்டாரவளையில ஒருத்தன் கட்டுனது டொக்டர். இந்தா, இந்த எடத்துல குத்தி உசுரு போகுது. லேசா ஒரு இழுப்பு இழுத்து விடுங்க" என்று சொல்லிக்கொண்டே கீழ் செட்டைக் கழற்றி ஈரத்தோடு என் உள்ளங்கையில் வைத்தார். கீழே இல்லாவிட்டால் மேலே நிற்காதாம். மேல் செட்டையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கன்னம் இரண்டும் உள்ளே போய்விட்டன.

மனைவி கதவோரத்தில் நின்று என்னை முறைத்தாள். நான் மிசினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டேன்.

இப்படியாக இரண்டு சம்பந்திகளும் வாயில் செட்டு இல்லாமல் இஸ்தோப்பிலேயே எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நாங்கள் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. டொக்டர் வீட்டில் இது வழக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

"ஹொய்யுங்க ஹம்மந்தி" என்றார் அவர்.

"நீங்கயே ஹொய்யுங்க" என்றார் மச்சான்.

கொஞ்ச நேரம் இப்படிப் போனது. அவர் சொல்வதை அவர் மனைவி எங்களுக்குச் சொன்னாள். மச்சான் சொல்வதை என் மனைவி அவர்களுக்குச் சொன்னாள். மழை, பஸ், இந்த வருஷக் கொழுந்து எல்லாம் சுமாராக விளங்கியது. பிறகு என் மனைவி பால் பொங்குகிறது என்று உள்ளே ஓடினாள். அந்த நேரம் பார்த்து மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்து, நெஞ்சில் கையை வைத்து, அந்த வசனத்தைச் சொன்னார்.

"புய்ய வேயைய வித்… ஹா."

"வேலைய விட்டுருவாளா?" என்றாள் பையனின் தாய். "சந்தோசம் அண்ணே."

மச்சான் இல்லை இல்லை என்று தலையை வேகமாக ஆட்டினார். தகப்பனும் மரியாதைக்கு அதே வேகத்தில் தலையை ஆட்டினார். இரண்டு பேரும் ஆட்டுவதைப் பார்த்து, எல்லாம் பேசி முடிந்துவிட்டது என்று தாய் வெற்றிலைத் தட்டை இழுத்துவைத்தாள்.

தேத்தண்ணித் தட்டோடு மகள் வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

நான் குனிந்து, மிசினின் வேகத்தைக் கடைசிவரை கூட்டினேன். அந்தச் சத்தத்துக்குள் அந்த வசனத்தை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். யாரும் திரும்பவில்லை. கொஞ்சம் பலமாகச் சொன்னேன். அப்போதும் யாரும் திரும்பவில்லை. எனக்கு அது பிடித்துப்போனது. இவ்வளவு வருஷத்தில் நான் அப்படிப் பேசியதே இல்லை. தலையை ஆட்டிக்கொண்டு, ஒரு கையில் சம்பந்தியின் கீழ் செட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழுத் தொண்டையில் சொல்லத் தொடங்கினேன்.

பாதியில் கரண்ட் போய்விட்டது.

"…விடமாட்டா! மருந்துக்கடைக்குப் போகத்தான் போவா! அவ விடமாட்டா, நாங்களும் விடச் சொல்ல மாட்டோம்!"

மிசின் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. எதிர் லயத்தில் யாரோ, "என்னாடி அங்க, சண்டையா?" என்று கேட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி, "பல்லு மிசின்காரரா கத்துறாரு? அவருக்குத் தொண்ட இருக்கா?" என்றாள்.

நான் பட்டனைத் தட்டினேன். மறுபடி தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

பையனின் தகப்பன் பொக்கை வாயால் என்னவோ சொன்னார். நாங்கள் எல்லோரும் அவர் மனைவியைப் பார்த்தோம்.

"டொக்டரே சொல்றாருன்னா அதுல ஒரு காரணம் இருக்கும்ங்கிறாரு" என்றாள் அவள்.

பாலை இறக்கிவைத்துவிட்டு வந்த என் மனைவிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "டொக்டரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! பெக்டரியில கொழுந்து அரைக்கிற ஆளு இவரு!"

பையனின் தாய் என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த செட்டைப் பார்த்தாள். பிறகு தன் புருஷனின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தாள். சம்பந்தம் இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

"அப்ப கொழுந்து அரைக்கிற கையாலதான் எங்க வீட்டுக்காரரு பல்லையும் அரைக்கிறீங்களா அண்ணே?"

"ஆமாங்க" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துவிட்டு, சரியாகக் கேட்டாள்: "விடமாட்டான்னு பொண்ணு சொல்லுதா, நீங்க சொல்றீங்களா?"

மறைந்துகொள்ள ஒரு சத்தமும் இல்லை. "பொண்ணுதாங்க சொன்னிச்சு. இப்ப நானும் சொல்றேன்."

"அதத் தெளிவாச் சொல்றதுக்கு இவ்வளவு கூத்தா! பொண்ணு வேலைய விட்டுருவான்னு அண்ணன் சொல்றதா நெனச்சு நான் மரியாதைக்குச் சந்தோசம்னேன். எனக்கு அதுல என்னா சந்தோசம்? இவரு பிரசர் மாத்திரைக்கு நான்தானே பதுளைக்கு அலையிறேன். மருமக கடையில இருந்தா, மாத்திரை மகன் பஸ்லயே வந்து சேந்துரும்." மகளைத் திரும்பிப் பார்த்தாள். "வேலைய விட்டுறாத புள்ள. ஆனா நான் வரிசையில நிக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

மச்சானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நன்றி சொல்ல வேண்டுமே. பலகையில் கிடந்த செட்டை எடுத்து அவசரமாக மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பி, பெரிதாகச் சிரித்தார். ஒரு பக்கத்துக் கோரைப்பல்லை நான் இன்னும் தொட்டிருக்கவில்லை.

"ஐயோ சாமி!" என்று அந்த அம்மா எழும்பிவிட்டாள்.

விளக்கம் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பையனின் தகப்பன்தான் முதலில் விளங்கிக்கொண்டு தொடையில் தட்டினார். அவரும் அவர்கள் தோட்டத்தில் கூத்து ஆடியவராம். ரதி வேஷமாம். அதை அவர் மனைவி எங்களுக்குச் சொன்னபோது அவர் வெட்கப்பட்டுச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டார்.

மத்தியானம் இரண்டு சம்பந்திகளும் பாயாசம் மட்டும் குடித்தார்கள். அவர்கள் புறப்படும்வரை கரண்ட் வரவில்லை. கீழ் செட்டு பாதி அராவியபடி என்னிடமே இருந்தது. குத்தும் இடம் கொஞ்சம் குறைந்திருந்தது, ஆனால் ஓரம் கரடுமுரடு. அப்படியே வாயில் போட்டால் நாக்கைக் கிழித்துவிடும். தகப்பன் என்னவோ சொன்னார்.

"வச்சு முடிச்சுக் குடுத்தனுப்பச் சொல்றாரு" என்றாள் அவர் மனைவி. "டொக்டர் இல்லாட்டியும் பரவால்லயாம். கை சுத்தமாம்."

கரண்ட் பொழுது சாய்ந்த பிறகு வந்தது. அராவி, துணியால் தேய்த்து, சுடுதண்ணீரில் கழுவி வைத்தேன். மச்சான் வந்து ஒரு விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலையில் மகள் வேலைக்குப் போகும்போது அதை மருந்துக்கடை உறை ஒன்றில் போட்டு, மடித்து, கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள். பதுளை பஸ் ஸ்டாண்டில் கொஸ்லந்த பஸ் நிற்கும் இடத்தில் பையன் நின்றிருக்கிறான். பேசி முடித்த பிறகு இரண்டு பேரும் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவன் தலைசீவி, புதுச் சட்டை போட்டிருந்தானாம். இவள் உறையை நீட்டியதும் அவன் முகம் சிவந்துவிட்டதாம்.

"என்னாது?"

"உங்க அப்பா பல்லு."

அவன் உறையைத் திறந்து பார்க்கவில்லை. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இன்னும் ஏதாவது சொல்வாளா என்று நின்றானாம்.

"நான் போறேன், கடை தொறக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாளாம்.